மோஸ் முதலாளி கேட்ட மண்

மோஸ் முதலாளி தன் வாழ்நாளில் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். செத்த பிறகு தன்னை எரிக்க வேண்டாம், மண்ணில் புதைக்க வேண்டும் என்று கேட்டார். கேட்டது என்னிடம் இல்லை, என் புருசனிடம். என்னிடம் கேட்டிருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திராது. இந்தச் சிவமலர் ஒரு வாய்க்காரி என்று, நாங்கள் இருக்கும் சுவிஸ் நகரமான ஆராவில் எந்தத் தமிழ்க் கடையில் கேட்டாலும் சொல்வார்கள். என் புருசன் பாலேந்திரன் அப்படியில்லை. நல்ல மனுசன், ஒருவருக்கும் முகம் கோணாத மனுசன் என்று சனம் புகழும். அந்த நல்ல மனுசனோடு குடும்பம் நடத்திப் பார்த்தவளுக்குத்தான் வருத்தம் தெரியும்.

முதலாளி என்றவுடன் மாளிகையும் பெரிய காரும் நினைக்க வேண்டாம். கூர்ட் மோஸ் ஆராவுக்கு வெளியே இலாஸ்டிக் பட்டி நெய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலை வைத்திருந்தார். சுவிஸ்காரரின் உள்ளாடை இடுப்பில் நிற்பதற்கு நாங்கள்தான் காரணம் என்று நான் பகிடி விடுவேன். எண்பத்தாறில் என் புருசன் அகதியாக வந்து நின்றபோது, கோப்பை கழுவக் கூப்பிடுவதற்கே ஆட்கள் யோசித்த காலம் அது. மோஸ் முதலாளி இவரைத் தறியில் நிற்க வைத்துத் தொழில் பழக்கினார். பிறகு எங்கள் ஆட்களில் குணசேகரம் அண்ணை வேலைக்கு வந்தார். கலியாணம் முடித்து வந்தபின் எனக்கும் பொதி கட்டும் மேசையில் வேலை கிடைத்தது. மத்தியானம் நாங்கள் சோற்றுப் பெட்டியைத் திறந்தால் மூக்கைப் பொத்தாத ஒரே வெள்ளைக்காரர் அவர்தான். பொத்தாதது மட்டுமா, கரண்டியோடு பக்கத்தில் வந்து இருந்துவிடுவார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஆகஸ்ட் முதலாம் திகதி சுவிஸின் தேசிய நாள். ஊருக்கு ஊர் விறகு அடுக்கிப் பெருந்தீ மூட்டுவார்கள், பிள்ளைகள் சுற்றி நின்று ஆர்ப்பரிக்கும். அன்றைக்கு மோஸ் முதலாளி யன்னல் எல்லாம் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள் இருப்பார். சத்தம் பிடிக்காதாக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

இலாஸ்டிக் எங்கிருந்தோ மலிவாக வரத் தொடங்கிய பிறகு தொழிற்சாலை இழுத்துப் பறித்துக்கொண்டு ஓடி, கடைசியில் பூட்டுப்பட்டது. எங்கள் எல்லோருக்கும் வேறு வேலை தேடிக் கொடுத்துவிட்டுத்தான் அவர் கதவைப் பூட்டினார். சில வருசத்தில் அவருடைய மனைவி மார்கிரிட் போய்விட்டா. பிள்ளைகள் இல்லை. மார்கிரிட்டின் விருப்பப்படி எரித்து, ஊர் மயானத்தில் பெயர் போடாத பொதுக்குழியில் சாம்பலை வைத்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் முதலாளிக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. நான் மிளகாய் தாளிக்கும்போது தும்மித் தும்மிக் கண்ணீர் விடுவார், ஆனாலும் குசினியை விட்டுப் போக மாட்டார்.

அந்த மேசையில்தான் அவர் தன் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவர் ஜேர்மன் மொழியில் சொன்னதை நான் எங்கள் பேச்சுத் தமிழில் எழுதுகிறேன். வெளியில் ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று எங்களிடம் கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார். இப்போது அவர் இல்லை. சத்தியத்தைக் காப்பாற்றி நாங்கள் கிழித்தது போதும்.

அவர் பிறந்தது ரைன் நதியின் ஜேர்மன் பக்கத்தில். ஊரின் பெயரை அவர் சொல்வதில்லை, "அக்கரை" என்று மட்டும் சொல்வார். தகப்பன் யூலியஸ் மோஸ் அங்கே பெரிய நாடா ஆலை நடத்தியவர். தொப்பிக்குக் கட்டும் நாடா, சட்டைக் கரைக்குத் தைக்கும் நாடா, இலாஸ்டிக் எல்லாம் அங்கிருந்துதான் போகும். பாதி ஊர் அவரிடம் வேலை செய்தது. அவர்கள் யூதர். ஆனாலும் கிறிஸ்தவரின் நத்தார்ப் பண்டிகைக்குத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் யூலியஸ் மோஸ் வீட்டிலிருந்து சப்பாத்து போகுமாம்.

பிறகு நாசிகளின் காலம் வந்தது. யூதன் ஆலை வைத்திருக்கக் கூடாது என்றார்கள். ஆலையை அடிமாட்டு விலைக்கு எழுதி வாங்கியவன் வேறு யாருமில்லை, யூலியஸ் மோஸ் வேலை கொடுத்து வளர்த்த கணக்குப்பிள்ளை. அந்த நத்தார்ச் சப்பாத்துப் போட்ட பிள்ளைகள் வளர்ந்து அவர்கள் வீட்டுக் கண்ணாடிக்குக் கல் எறிந்தார்கள். நன்றி கெட்ட சாதிகள் என்று நான் பல்லைக் கடித்தேன். முதலாளி மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டு அமைதியாகச் சொன்னார்.

"அப்பா பயப்பிடேல்லை. என்ர வாடிக்கைக்காரர் எல்லாம் சுவிஸ்காரர், ஆத்துக்கு அங்கால நிக்கிறாங்கள், எனக்கொண்டு எண்டால் கூப்பிடுவாங்கள் எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவர்."

கூப்பிட்டார்களா? யூதரின் கடவுச்சீட்டில், யூதர் என்று காட்டச் சிவப்பு எழுத்தொன்று குத்தத் தொடங்கினார்கள். எல்லையில் ஆளை அடையாளம் பிடிக்க வசதியாக இருக்க வேண்டும் என்று நெருக்கியது சுவிஸ் பக்கமும்தான் என்று முதலாளி சொன்னபோது நான் நம்பவில்லை. "ஓம் அம்மா, நாங்கள் பள்ளிக்கூடத்தில படிச்சனாங்கள்" என்றான் என் மகன் ஜெனுசன்.

முப்பத்தொன்பதில் ஒரு தொகுதி யூதப் பிள்ளைகளை மட்டும் சுவிஸுக்குள் எடுத்தார்கள். கூர்ட்டுக்கு ஏழு வயது. தாயும் தகப்பனும் தங்கச்சி லோட்டியும் அக்கரையில் நின்றுவிட்டார்கள். ஆற்றின் இக்கரையில், வயலும் மாடும் வைத்திருந்த ஒரு கமக்காரர் வீட்டில் அவரை வளர்க்கக் கொடுத்தார்கள். அந்த வீட்டு வைக்கோல் பரணில் ஏறினால் அக்கரையில் அவர்களுடைய வீட்டு மேல்மாடி யன்னல் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் லோட்டி அந்த யன்னலில் ஒரு சிவப்பு நாடாவைத் தொங்கவிடுவாள். நாங்கள் சுகம் என்று அர்த்தம். நாற்பதாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு நாடா இல்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. அந்தப் பக்கத்து யூதர் எல்லோரையும் ஒரே நாளில் ரயிலில் ஏற்றி, பிரான்சின் தெற்கில் ஒரு சேற்று முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று பால்காரன் வந்து சொன்னானாம்.

முகாமிலிருந்தும் யூலியஸ் மோஸ் சுவிஸுக்கு மனுப் போட்டுக்கொண்டே இருந்தார். இங்கேயிருந்து வந்த பதில் எல்லாம் இல்லை என்பதுதான். நாற்பத்திரண்டில் மூன்று பேரையும் கிழக்கே, போலந்துக்கு அனுப்பினார்கள். அங்கே அவர்களைக் கொன்று எரித்தார்கள். எந்த நாள் என்று முதலாளிக்குத் தெரியாது. லோட்டிக்கு எட்டு வயது.

இதைக் கேட்ட அன்று நான் சாப்பாட்டுக் கோப்பைகளை அப்படியே விட்டுவிட்டு அழுதேன்.

கமக்காரர் வீட்டில் நல்ல சனம். தங்களுடைய கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்து, தங்கள் பிள்ளையாக வளர்த்தார்கள். மோஸ் என்ற பெயர் சுவிஸ்காரரிலும் இருப்பதால் ஒருவரும் தோண்டிக் கேட்கவில்லை. மார்கிரிட்டுக்கு மட்டும் தெரியும். மார்கிரிட்டின் அக்கா மகன் பஸ்கால், ஜெனீவாவில் இருக்கிறவர், முதலாளிக்கு மிச்சமிருந்த ஒரே சொந்தம். அவருக்குக்கூட மாமா உலக யுத்தத்தில் தாய் தகப்பனை இழந்த அநாதை என்ற அளவுக்குத்தான் தெரியும்.

"அரசாங்கக் கந்தோரில படிவத்தில சமயம் எது எண்டு கேட்டால் ஒண்டுமில்லை எண்டுதான் எழுதுவன்" என்று முதலாளி ஒருநாள் சொன்னார். "அந்த எழுத்தை இனி ஒருத்தனும் என்ர பேருக்குப் பக்கத்தில குத்தக் கூடாது. நானும் குத்த மாட்டன்."

இனி, அவர் கேட்ட கதைக்கு வருகிறேன். இது நடந்தபோது நான் பக்கத்தில் இல்லை. இவர் பிறகு சொல்லித்தான் தெரியும்.

ஊர்க் கந்தோர் வாடகைக்கு விடும் தோட்டத்துண்டு ஒன்று எங்களிடம் இருக்கிறது. ஒரு பக்கம் எங்கள் கீரையும் மிளகாயும், மறுபக்கம் முதலாளியின் உருளைக்கிழங்கு. ஒரு சித்திரை வருசப் பிறப்பன்று, நான் வீட்டில் பலகாரம் சுட்டுக்கொண்டிருக்க, இவர் கிழங்கு நட மண்ணைக் கொத்தப் போனார். முதலாளி கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பாலா, நான் செத்தால் என்னை எரிக்க விடாதை. மண்ணுக்குள்ள வை."

இவர் கொத்துவதை நிறுத்தினார்.

"எங்கட ஆக்கள் எரிக்கிறேல்லை. என்ர அப்பா, அம்மா, லோட்டி, மூண்டு பேரையும் எரிச்சவங்கள். எங்கட குடும்பத்தில மண்ணுக்குள்ள கிடக்கிற ஆள் எண்டு ஒருத்தர் இல்லை. நான் ஒருத்தனாவது கிடக்க வேணும். இஞ்ச ஆர்காவ் மாநிலத்தில பழைய யூத மயானம் ஒண்டு இருக்கு. மதிலுக்கு வெளியில நிண்டு பாத்தனான். உள்ள போகத் துணிவு வரேல்லை. நீ பஸ்காலிட்டைச் சொல்லு. எனக்கு அந்தச் சொல்லு வாயில வராது."

இவ்வளவு தெளிவாக ஒரு மனுசன் கேட்கிறான். இவர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்.

"ஐயோ முதலாளி, இண்டைக்கு எங்கட வருசப் பிறப்பு. நல்ல நாளில இந்தக் கதை வேண்டாம். நீங்கள் நூறு வயசு இருப்பியள். பிறகு கதைப்பம்."

"சொல்லுவியோ?"

"ஓம், சொல்லுறன். பிறகு."

முதலாளி பிறகும் விடவில்லை. அந்த வருசம் எங்கள் மகள் வேணுகாவின் கலியாணம். நாள் வைத்த வீட்டில் சாவுக் கதை கூடாது என்று இவர் தள்ளினார். பிறகு நல்லூர்த் திருவிழா, விரதம். பிறகு நவராத்திரி. பிறகு வேணுகா பிள்ளைத்தாச்சி, அந்த நேரம் வீட்டில் மூச்சு விடலாமா? எங்கள் கலண்டரில் நல்ல நாளென்றால் சாவைக் கதைக்கக் கூடாது, கெட்ட நாளென்றால் கதைத்தால் பலித்துவிடும். முதலாளி கேட்டுக் கேட்டு, கடைசியில் இவர் "ஓம்" என்று சொன்னதையே நம்பிக்கொண்டு கேட்பதை விட்டுவிட்டார். அவருக்கு இவர்மேல் அவ்வளவு நம்பிக்கை. எனக்காவது ஒரு வார்த்தை சொன்னாரா? வீட்டுக்குள் அந்தக் கதையை எடுத்தால் முதலாளியின் ஆயுள் குறைந்துவிடுமாம்.

கடைசியாக, இவருடைய தம்பி மகளின் கலியாணத்துக்கு நாங்கள் யாழ்ப்பாணம் போனோம். முதலாளி எங்களை ஆராவ் ரயில் நிலையம் வரை வந்து வழியனுப்பினார், கையில் தடியோடு. அதுதான் நாங்கள் கண்ட கடைசி முகம்.

கலியாண வீட்டில், தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருக்கையில் ஜெனுசன் சுவிஸிலிருந்து இவருக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறான்.

"அப்பா, மோஸ் ஐயா இறந்திட்டார். ஆஸ்பத்திரியில. பஸ்கால் வந்து எல்லா அலுவலும் பாக்கிறார். மார்கிரிட் மாமியைப்போலவே எரிக்கிறதாம்."

இவர் என்ன செய்தார்? தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்ப் பந்தியில் பாயசம் பரிமாறினார். கலியாண வீட்டில் சாவுச் சொல் விழக்கூடாது. பொம்பிளையும் மாப்பிள்ளையும் மாப்பிள்ளை வீட்டுக்குக் கால்மாறிப் போன பிறகுதான் எனக்கே சொன்னார், அதுவும் இறந்துவிட்டார் என்று மட்டும். நான் கிணற்றடியில் போய் இருந்து அழுதேன். உடனே வெளிக்கிடுவோம் என்றேன். கலியாணத்து நாலாம் நாள் சடங்கு முடியாமல் எப்படிப் போவது, தம்பி மனம் நோகும் என்றார். பஸ்காலின் இலக்கம் இவருடைய தொலைபேசியில் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கலியாணப் பந்தலுக்குள் நின்று பிணத்தைப் பற்றிக் கதைக்க இவருக்கு வாய் வரவில்லை. நேரில் போய்ச் சொல்லுவோம், போய் இறங்கினாலும் எரிக்க முன் ஒருநாள் இருக்கிறதுதானே என்று கணக்குப் போட்டிருக்கிறார். இடையில் மாற வேண்டிய விமானம் தவறியது. இருந்த அந்த ஒருநாளும் போய், சவம் எரிக்கும் அன்று காலையில்தான் சூரிச்சில் இறங்கினோம்.

விமான நிலையத்திலிருந்து நேரே தகன மண்டபத்துக்குப் போனோம். மண்டபம் நிறையச் சனம். பாதிக்கு மேல் எங்கள் ஆட்கள், தொழிற்சாலையில் வேலை செய்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும். குணசேகரம் அண்ணை தேவாரம் பாடிக்கொண்டிருந்தார். பெட்டியின்மேல் இலாஸ்டிக் பட்டியால் கட்டிய பூங்கொத்து இருந்தது. அதைக் கண்டதும் எனக்குத் தாங்க முடியவில்லை.

பஸ்கால் எங்களைக் கண்டு ஓடிவந்து இவருடைய இரண்டு கையையும் பிடித்தார். நல்ல பிள்ளை, அழுது முகம் வீங்கியிருந்தது.

"மாமாவுக்குப் பிள்ளை இல்லை. நீங்கள்தான் பிள்ளை எண்டு எப்பவும் சொல்லுவார். உங்கட வழக்கத்தில பிள்ளைதான் கொள்ளி வைக்கிறது எண்டு குணசேகரம் சொன்னார். உங்களுக்காகத்தான் இவ்வளவு நேரம் காத்துக்கொண்டு நிண்டனாங்கள். தயவுசெய்து நீங்கள் செய்யுங்கோ."

இவருடைய வாய் திறந்தது. நான் கண்ணால் கண்டேன், திறந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. குணசேகரம் அண்ணை பாட்டை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தார். மண்டபம் முழுக்க இவரையே பார்த்தது. இவர் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கென்ன தெரியும்? எங்களுக்கு நெருப்பென்றால் மரியாதை. கொள்ளி வைக்க ஆளில்லாமல் போவதுதான் எங்களுக்குக் கேடு. முதலாளியின் தாய் தகப்பன் போன வழி ஒரு கணம் என் நினைவில் வந்தது, உண்மை. ஆனால் அது கொலை, இது கிரியை என்றுதான் என் புத்தி சொன்னது.

"போங்கோப்பா" என்று முதுகில் கை வைத்தேன். "சனம் பாத்துக்கொண்டு நிக்குது."

இவர் போனார், நானும் பின்னால் போனேன். கீழே சின்ன அறை, இரும்புக் கதவு, சுவரில் ஒரு பொத்தான். பெட்டி உள்ளே போனது. இவர் கையை நீட்டிப் பொத்தானை அமத்தினார். அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. மேலே வந்தபோது சனம் இவருடைய தோளைத் தட்டி, முதலாளிக்கு ஒரு குறையும் இல்லை, பெற்ற பிள்ளைகூட இப்படிச் செய்யாது என்றது.

காருக்குள் ஏறிக் கதவைப் பூட்டிய பிறகுதான் இவர் சொன்னார். தோட்டம், வருசப் பிறப்பு, ஒரு பிடி மண், எல்லாம் சொன்னார். நான் வாழ்க்கையில் அப்படிக் கத்தியதில்லை.

"வாயில என்ன கொழுக்கட்டையோ வைச்சிருந்தனீங்கள்? அவ்வளவு சனத்துக்கு முன்னால ஒரு வார்த்தை சொன்னால் என்ன, தலையையா வெட்டியிருப்பாங்கள்?"

"எல்லாம் ஆயத்தமா இருந்தது. அந்தப் பிள்ளை அழுதுகொண்டு நிண்டுது. சபையைக் குழப்பி..."

"சபை! அந்த மனுசன் உங்களை நம்பி நிண்டதப்பா. ஆரையும் நம்பாத மனுசன்."

இவர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நான்தான் எரிச்சனான் மலர்" என்றார். "அவங்கள் மூண்டு பேரை எரிச்சவங்கள். நாலாவது ஆளை நான் எரிச்சுப் போட்டன்."

பஸ்காலிடம் நான்தான் சொன்னேன், இவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு. பஸ்கால் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நல்லது. "மாமா யூதர் எண்டு எனக்குத் தெரியாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யூத மயானத்துக்குத் தொலைபேசி எடுத்தார். அங்கே ஒரு பெரியவர் பொறுமையாகக் கேட்டு, நாலு பேருடைய பெயரையும் சொல்லிப் பிரார்த்தனை செய்வதாகவும், சாம்பலைப் பற்றி யோசித்துச் சொல்வதாகவும் சொன்னார். பஸ்கால் அதற்குக் காத்திருக்கவில்லை.

"அவர் கேட்டது உடம்புக்கு இடம், சாம்பலுக்கு இல்லை" என்றார். "அதை எங்கை வைச்சால் என்ன?"

கடைசியில் மார்கிரிட் இருக்கும் பொதுக்குழியிலேயே வைத்தார்கள். அங்கே பெயர் போடுவதில்லை. புல்லை வெட்டி ஒரே அளவாக வைத்திருப்பார்கள். யூலியஸ் மோஸின் குடும்பத்தில் மண்ணுக்குள் முழுதாகக் கிடக்கிற ஆள் ஒருவரும் இல்லாமலே முடிந்துவிட்டது.

இவர் அதற்குப் பிறகு தோட்டத்துக்குப் போகவில்லை. முதலாளியின் பக்கத்தில் பழைய கிழங்கு தானாக முளைத்துக் கிடக்கிறது, பக்கத்துத் தோட்டக்காரர் முறைப்பாடு எழுதிவிட்டார். சாமிக்குக் கற்பூரம் கொளுத்தினால் இவர் எழும்பி வெளியே போகிறார். பேச்சும் குறைந்துவிட்டது. முன்பு இவருடைய மௌனத்துக்கு ஏசினேன், இப்போது ஏசவும் மனமில்லை.

இந்தச் சித்திரை வருசப் பிறப்புக்குப் பிள்ளைகள் இரண்டும் வந்தார்கள். ஜெனுசன், வேணுகா, மருமகன், கையில் பேரப்பிள்ளை. தலையில் மூலிகை மருத்துநீர் வைத்து முழுகி, புது உடுப்பு உடுத்து, எல்லோரும் மேசையில் இருந்தோம். முதலாளி ஞாயிறுகளில் இருந்த கதிரையில் மருமகன் தெரியாமல் இருந்துவிட்டார், நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் சோறு போட்டுக்கொண்டிருக்கையில் இவர் தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பிள்ளையள், நான் ஒண்டு சொல்ல வேணும். நான் செத்தால் என்னை எரிக்காதையுங்கோ."

எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"புதையுங்கோ. அந்த மனுசனுக்குக் குடுக்க வேண்டிய மண்ணிலை நான் கிடக்கிறன். எனக்கு நெருப்பு வேண்டாம். ஜெனுசன், நீதான் இதைப்..."

"அப்பா!" வேணுகா பிள்ளையின் காதைப் பொத்தினாள். "நல்ல நாளும் அதுவுமா என்ன கதை இது? சின்னப் பிள்ளை இருக்கிற இடத்தில... சாப்பிடுங்கோ. பிறகு கதைப்பம்."

ஜெனுசனும் தலையாட்டினான். "ஓம் அப்பா. பிறகு."

நான் சோற்றுக் கரண்டியைச் சட்டிக்குள் வைத்தேன். வாய்க்காரி என்று பெயரெடுத்தவள் நான். இப்போதே கதையுங்கோ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் மகளைப் பார்த்து மெல்லச் சிரித்துவிட்டுச் சோற்றில் கை வைத்தார்.

"ஓம் பிள்ளை" என்றார். "பிறகு கதைப்பம்."